மஞ்சளாய் எரிந்த பக்கம்

ஆசியா பீவி ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வருகிற நாள் அது. அவள் வந்து இறங்குவதற்குள் அந்த அடுப்பு வீட்டை விட்டுப் போயிருக்க வேண்டும் என்று அவள் கணவர் முகம்மது நூகு விடிந்ததிலிருந்து தவித்துக்கொண்டிருந்தார்.

அடுப்பின் கதை இந்தத் தொடரோடு கூடவே வந்தவர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடலாம். நூகு பினாங்கில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை பார்த்துவிட்டு விருதுநகருக்குத் திரும்பியவர். அங்கே பார்த்ததை மனதில் வைத்து, ஊர்க் கொல்லனிடம் சொல்லி ஓர் அடுப்பு செய்துகொண்டார். நீளமான இரும்புத் தொட்டி. மேலே கம்பிச் சட்டம். அடியில் இடமும் வலமுமாக, வரிசையாகத் துளை போட்ட இரண்டு குழாய்கள். ஓரத்தில் மண்ணெண்ணெய் டேங்க். பம்பு அடித்துப் பற்றவைத்தால் துளைகளில் எல்லாம் நீலத் தீ வரிசையாக எழுந்து நிற்கும். கம்பியில் கோத்த கறியை அதன்மேல் வைத்தால் மிளகாய் மண்டி வரைக்கும் வாசம் போகும். சிவகாசியிலிருந்து வெடி லோடு ஏற்றி வரும் லாரிக்காரர்கள் வண்டியை எட்டத்தில் நிறுத்திவிட்டு நடந்து வந்து சாப்பிட்டுப் போவார்கள்.

பங்குனிப் பொங்கல் கூட்டத்தில் அந்த அடுப்பு சீறியது. ஆசியா பீவியின் வலது கையும் கழுத்தும் வெந்துபோயின.

"காத்துத் திருகைத் திறந்து விடாமக் குனிஞ்சிருப்பா. பொம்பளைக்குக் கவனம் அம்புட்டுத்தான்."

ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று அப்படிச் சொன்னவர் வேற்றாள் இல்லை. அவளுடன் பிறந்த அண்ணன் அலி அக்பர். நூகு அந்த இடத்தில்தான் நின்றார். ஆமாம் என்றும் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

இப்போது ஆடி பிறந்துவிட்டது. கடை மூடியே கிடக்கிறது. மகள் பீவி ஜானுக்கும் அலி அக்பரின் மகன் காசிமுக்கும் மாசியிலேயே நிச்சயம் ஆகியிருந்தது. அதைப் பற்றியும் அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை.

பழைய இரும்பு வாங்கும் அய்யாதுரை தள்ளுவண்டியோடு வந்திருந்தான்.

"இம்புட்டுக் கனத்தை ஒத்தை ஆளாத் தூக்க முடியாது பாய். நீங்களும் ஒரு கை குடுங்க."

பின்கட்டிலிருந்து பீவி ஜான் வந்து வாசலை மறித்தாற்போல் நின்றாள்.

"அம்மா வந்ததும் ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டுக் குடுக்கலாமே, அத்தா."

"அவ கண்ணுல இது படக் கூடாதும்மா."

"இது போயிட்டா நாம எதை வச்சுக் கடை நடத்துறது?"

"கடையே வேண்டாம்."

அவர் குரலில் இருந்தது கோபம் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. வேறு என்ன என்று தெரியவில்லை. ஒதுங்கி வழிவிட்டாள்.

அடுப்பை வண்டியில் ஏற்றி, அய்யாதுரை கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தபோது தெருமுனையில் ஜட்கா வண்டியின் மணிச்சத்தம் கேட்டது.

* * *

முதலில், ஆஸ்பத்திரியில் அவளைக் கவனித்துக்கொண்ட நர்ஸ் இசபெல் இறங்கினாள். கைகொடுத்து ஆசியா பீவியை இறக்கிவிட்டாள்.

வெள்ளைத் துப்பட்டி தலையை மூடியிருந்தது. ஆனாலும் காதுக்குக் கீழே தொடங்கித் தோள்வரை தோல் இழுத்துப் பிடித்திருப்பது தெரிந்தது. வலது கை விரல்கள் பாதி மடங்கி அப்படியே நின்றிருந்தன. பீவி ஜான் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். அழுதாள். ஆசியா பீவி இடது கையால் மகளின் முதுகைத் தடவிக்கொண்டே அவள் தோளுக்கு மேலாகத் தள்ளுவண்டியைப் பார்த்தாள்.

"அதை எங்க கொண்டு போறீக?"

நூகு தலையைக் குனிந்துகொண்டார். "பழைய இரும்புக்கு."

"இறக்கச் சொல்லுங்க."

"ஆசியா, நீ இப்பத்தான் வந்திருக்கே. உள்ள வா. தண்ணி குடி."

"இறக்கினப்பறம் குடிக்கிறேன்."

அவள் உரக்கப் பேசவில்லை. ஆனால் அந்த வீட்டில் அவள் குரல் அப்படி ஒலித்து யாரும் கேட்டதில்லை. அய்யாதுரை கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினான்.

முற்றத்தில் அடுப்பை வைத்துவிட்டு அவன் போனதும், அவள் சுவரோரம் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். இசபெல் பக்கத்தில் உட்கார்ந்தாள். பீவி ஜான் கொடுத்த தண்ணீரைக் குடித்து முடித்துச் செம்பைக் கீழே வைத்தாள்.

"இப்ப இதைப் பிரிங்க," என்றாள் கணவனிடம்.

"எதுக்கு?"

"தீ எப்படிப் பிடிச்சதுன்னு நான் பாக்கணும்."

நூகு இசபெலைப் பார்த்தார். நர்ஸம்மாவாவது இதை வேண்டாம் என்று சொல்லமாட்டாளா என்பதுபோல. இசபெல் சொல்லவில்லை.

"அவங்க ஆஸ்பத்திரியிலயே இதைத்தான் சொல்லிக்கிட்டு இருந்தாங்க பாய். வீட்டுக்குப் போனதும் மொத வேலை இதுதான்னு."

"உடம்பு தேறட்டுமே. அப்பறமாப் பாத்துக்கிடலாம்."

ஆசியா பீவி சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"என் பக்கத்துக் கட்டில்ல சின்னத்தாய்னு ஒரு பொண்ணு கிடந்தா. விசுவநத்தத்துல வெடி மருந்து கலக்குற ரூம்ல வேலை. நம்ம பீவி ஜானைவிட ரெண்டு மூணு வயசு கூட இருக்கும். உடம்புல தோலே இல்ல. பேச்சு மட்டும் இருந்துச்சு. கடைசி வரைக்கும் ஒண்ணையேதான் சொல்லிக்கிட்டுக் கிடந்தா. 'அக்கா, எப்படித் தீப்பிடிச்சதுன்னு என்கிட்ட யாருமே கேக்கலியே'ன்னு."

இசபெல் தன் மடியிலிருந்த கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கம்பெனியில இருந்து ஆளுக வந்தாக. ஆப்பிள் கொண்டுவந்தாக. அவ கவனக்குறைவா இருந்துட்டான்னு டாக்டர்ட்ட சொல்லிட்டுப் போனாக. அவளைக் கேக்கல. அவ மவுத்தாயிட்டா. நான் உசுரோட வந்திருக்கேன். என்னையும் யாரும் கேக்கல. அதனால நானே கேக்குறேன். பிரிங்க."

நூகு உள்ளே போய்த் திருப்புளியும் ஸ்பானரும் எடுத்துவந்தார்.

* * *

மேல் சட்டத்தை எடுத்ததும் அடியில் கொழுப்புத் தட்டு தெரிந்தது. கறியிலிருந்து சொட்டும் நெய் விழுவதற்கான தட்டு அது. தினமும் கவிழ்த்துக் கழுவ வேண்டும். விளிம்புவரை கறுப்பாக உறைந்து கிடந்தது.

"இதுல தீ பிடிச்சாலே ஆள் உயரத்துக்கு எழும்புமே," என்றாள் பீவி ஜான்.

"அன்னைக்குக் காலையில கழுவ எடுத்தேன்," என்றாள் ஆசியா பீவி. "உங்க அத்தாதான் நேரமாகுது, வந்து கறியைக் கம்பியில கோருன்னாக."

நூகு தட்டைச் சுரண்டி வழித்தார். டேங்கின் மேலே காற்றுத் திருகு இருந்தது. தீ தாறுமாறாகப் போனால் அதைத் திறந்து காற்றை வெளியேற்றிவிட்டால் போதும், அடுப்பு அடங்கிவிடும். அவர் அதைத் திருப்பினார். அசையவில்லை. மண்ணெண்ணெய் சொட்டு விட்டு ஊறவைத்தார். மறுபடி ஸ்பானரை மாட்டி இரண்டு கையாலும் அழுத்தினார். கிரீச்சென்று ஒரு சத்தத்தோடு விட்டுக்கொடுத்தது.

"நான் இதைத்தான் திருகினேன்," என்றாள் அவள். எழுந்து வந்து பக்கத்தில் நின்றிருந்தாள். "தீ சீறின உடனே இதைத்தான் பிடிச்சேன். வரல. குனிஞ்சு இன்னும் பலமாத் திருகினேன். அப்பத்தான் கழுத்துக்கு வந்துச்சு."

காற்றைத் திறந்து விடாமல் குனிந்தவள் என்று ஊரெல்லாம் பேசிய பேச்சு பீவி ஜானின் நினைவுக்கு வந்தது. அவள் அத்தாவின் முகத்தைப் பார்த்தாள். அவர் நிமிரவில்லை.

நூகு திருகை மூடி, டேங்கில் எண்ணெய் ஊற்றாமல் வெறும் காற்றை மட்டும் அடித்தார். பீவி ஜான் ஒரு கிண்ணத்தில் சோப்பைக் கரைத்து எடுத்து வந்தாள். பினாங்கில் கற்ற வித்தை அது. கடையில் அவள் அதைப் பலமுறை பார்த்திருக்கிறாள். மூட்டு ஒவ்வொன்றிலும் நுரையைத் தடவினாள். இடது பக்கம் சும்மா இருந்தது. வலது பக்கக் குழாய் டேங்கோடு சேரும் இடத்தில் நுரை கொப்பளித்துக் கொப்பளித்து உடைந்தது.

"வாஷர் போயிருக்கு," என்றாள் பீவி ஜான்.

"வாஷருக்குப் போட்ட தோல் காஞ்சு போச்சு," என்றார் நூகு. பிரிக்கத் தொடங்கியதிலிருந்து அவர் பேசிய முதல் வார்த்தை அது. "வலது பக்கத்தைக் கூட்ட நாளுக்கு மட்டுந்தானே திறப்போம். எண்ணெய் படாமக் கெடந்து காஞ்சிருச்சு."

நுனித் துளைகளை ஊசியால் குத்திச் சுத்தம் செய்தார். இடது பக்கக் குழாய்க்குள் நீளக் கம்பியை விட்டார். தடங்கலின்றி மறுமுனைவரை போனது. வலது பக்கக் குழாயில் விட்டார். சாண் நீளம்கூடப் போகவில்லை. முட்டிக்கொண்டு நின்றது.

குழாயைக் கழற்றித் தரையில் தட்டினார். ஒன்றும் விழவில்லை. கம்பியை உள்ளே வைத்துச் சுத்தியலால் அடித்தார். சிவப்பாகக் கட்டி கட்டியாக உதிர்ந்தது.

குளவிக்கூடு.

நூகு உதிர்ந்ததைக் காலால் ஒதுக்கினார்.

"அடுப்பு இம்புட்டு நாளாப் பின்கட்டுல சும்மா கெடந்துச்சுல்ல. அப்பக் கட்டியிருக்கும்."

பீவி ஜான் ஒரு கட்டியை எடுத்தாள். நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். தண்ணீர்ச் செம்புக்குள் போட்டாள். பச்சை மண்ணாக இருந்தால் கரைந்து செம்பு முழுக்கக் கலங்கியிருக்கும். தண்ணீர் அப்படியே தெளிவாக இருந்தது. அவள் கட்டியை வெளியே எடுத்து உடைத்தாள். உள்ளே செங்கல்போல வெந்து, ஒருபக்கம் கரி ஏறியிருந்தது.

"அத்தா, இது தீயில வெந்திருக்கு. தீப்பிடிக்கிறதுக்கு முன்னாடியே உள்ள இருந்திருக்கு."

நூகு அந்தக் கட்டியை வாங்கிப் பார்த்தார். பார்க்கத் தேவையில்லை என்று அவருக்கே தெரியும். குழாய் அடைத்துக்கொண்டால் காற்று கலக்காது. தீ நீலமாக எரியாமல் மஞ்சளாகப் புகையும். போக வழி இல்லாத ஆவி பின்பக்கமாகத் திரும்பி, ஒழுகுகிற மூட்டு வழியாக டேங்கின் ஓரத்திலேயே பற்றிக்கொள்ளும். திருகைப் பிடித்துக் குனிந்திருந்தவளின் கழுத்துக்கும் கைக்கும் அதுதான் வந்தது.

"நான் சொன்னேன்ல?" என்றாள் ஆசியா பீவி.

அவர் ஸ்பானரைத் துணியால் துடைத்தார்.

"சொன்னேனா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

"சொன்னே."

"என்ன சொன்னேன்?"

மகள் முன்னால், வேற்று மனுஷியான நர்ஸ் முன்னால் அவர் அதைச் சொல்ல வேண்டியிருந்தது. ஸ்பானரைக் கீழே வைத்தார்.

"வலது பக்கம் மஞ்சளா எரியுது, புகையுது, நிறுத்திட்டுப் பிரிச்சுப் பாருங்கன்னே. முதநாளே சொன்னே. அன்னைக்குக் காலையிலயும் சொன்னே."

"நீங்க?"

"பொங்கக் கூட்டம் முடியட்டும்னேன்."

இத்தனை மாதமும் பீவி ஜானும்தான் அம்மாவைக் குறை நினைத்திருந்தாள். ஏன் இப்படிக் கவனமில்லாமல் இருந்தாள் என்று பாய் விரித்துப் படுக்கும்போதெல்லாம் மனசுக்குள் கேட்டிருந்தாள்.

"எங்க அண்ணன் கட்டில் பக்கத்துல நின்னு அப்படிச் சொன்னப்ப நீங்க ஏன் சொல்லல?"

"பயந்துட்டேன்."

"யாருக்கு?"

"உனக்குத்தான்." நூகுவின் குரல் உடைந்தது. "நீ பொழைக்கணும்னு துஆ கேட்டேன். பொழைச்சதும், இது தெரிஞ்சா நீ என் முகத்துல முழிக்கமாட்டியோன்னு நினைச்சேன். உனக்குத் தெரியும்ங்கிறதைக்கூட மறந்துட்டேன். நீயா எதுவும் சொல்லாம இருந்தியா, அப்படியே விட்டுட்டேன்."

"நான் ஏன் சொல்லலைன்னு தெரியுமா?" ஆசியா பீவி தன் மடங்கிய விரல்களைப் பார்த்தாள். "எல்லாரும் சொல்லச் சொல்ல, நாந்தான் ஏதோ தப்பா செஞ்சிட்டேன்போலன்னு நானே நம்ப ஆரம்பிச்சிட்டேன். திருகைத் திருகினேனா, திருகலையா? எனக்கே சந்தேகம் வந்துருச்சு. சின்னத்தாய் மட்டும்தான், 'நீங்க திருகியிருப்பீக அக்கா'ன்னா. என்னை முன்னப்பின்ன தெரியாதவ."

நூகு முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டார். அவர் தோள்கள் குலுங்கின. ஆசியா பீவி அவரைத் தேற்றவில்லை. திட்டவும் இல்லை. அவர் அழுது ஓயும்வரை அங்கேயே நின்றாள்.

பிறகு சொன்னாள்: "புது வாஷர் போடுங்க. பத்தவைங்க. நான் பாக்கணும்."

* * *

தோலை வெட்டி எண்ணெயில் ஊறவைத்து வாஷர் போட்டார்கள். இரண்டு குழாய்களையும் சலவைச் சோடா போட்டுக் கழுவி வெயிலில் காயவைத்தார்கள். நுரையை மறுபடி தடவிப் பார்த்தபோது எங்கும் கொப்பளிக்கவில்லை. இதற்குள் நண்பகல் லுஹர் தொழுகை முடிந்து தெருவில் ஆட்கள் வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். இசபெல் பீவி ஜானோடு உட்கார்ந்து சோறு சாப்பிட்டாள். ஆசியா பீவிக்குச் சோறு இறங்கவில்லை.

டேங்கில் எண்ணெய் நிரப்பி, கிண்ணத்தில் ஸ்பிரிட் ஊற்றிக் குழாயைச் சூடேற்றினார் நூகு. பம்பு அடித்தார். தீக்குச்சியைக் கிழித்துக் காட்டியது பீவி ஜான்.

முதலில் கொஞ்சம் மஞ்சளாகத் தடுமாறியது. ஆசியா பீவிக்குத் தூக்கிவாரிப் போட்டது. இசபெல் அவள் தோளைப் பற்றினாள். "வேண்டாம்னா உள்ள போயிருவோம்க்கா."

"இல்ல. நிக்கிறேன்."

தீ நிலைத்தது. இடது பக்கமும் வலது பக்கமும் ஒரே உயரத்தில், ஒரே நிறத்தில், மெல்லிய இரைச்சலோடு எரிந்தது. நூகு காற்றுத் திருகைத் தொட்டார். விரல் நுனி அழுத்தத்துக்கே திறந்துகொண்டது. தீ அடங்கியது. மூடிப் பம்பு அடித்து மறுபடி பற்றவைத்தார்.

அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். நெற்றியில் வியர்வை கோத்து வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

அப்போதுதான் அலி அக்பர் வந்தார். அவர் சிவகாசி அச்சாபீஸ்களுக்குப் பேப்பர் சப்ளை செய்கிறவர். எப்போதும் இஸ்திரி கலையாத சட்டையோடு வருகிறவர். இன்று சட்டை கசங்கியிருந்தது. எரிகிற அடுப்பையும் அதற்கு முன்னால் நிற்கும் தங்கையையும் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றார்.

"என்ன நூகு இது? ஒரு தடவை பட்டது போதாதா?"

நூகு எழுந்து நின்றார். "மச்சான், உள்ள வாங்க. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். ஆசியா மேல தப்பு இல்ல. அவ அடுப்பு சரியில்லைன்னு சொல்லியிருந்தா. நாந்தான் கேக்கல. திருகு வேலை செய்யல, குழாய் அடைச்சிருந்துச்சு. எல்லாம் என் தப்பு. அன்னைக்கு உங்க முன்னாடி சொல்லியிருக்கணும்."

அலி அக்பர் அவரைப் பார்த்தார். தங்கையைப் பார்த்தார். அவர் காதில் அது விழுந்ததா என்றே சந்தேகமாக இருந்தது.

"சரி. நடந்தது நடந்துபோச்சு," என்றார். "ஆசியா, நாளைக்கு நீ சாத்தூருக்குப் போகப்போறேன்னு கேள்விப்பட்டேன். போகக் கூடாது."

நூகுவும் பீவி ஜானும் ஒன்றும் புரியாமல் அவளைப் பார்த்தார்கள்.

இசபெல்தான் விளக்கினாள். "விசுவநத்தம் விபத்தைப் பத்தி நாளைக்குச் சாத்தூர்ல விசாரணை வச்சிருக்காங்க. சின்னத்தாய் கடைசியா யார்கிட்டயாவது பேசினாளான்னு ஆஸ்பத்திரியில கேட்டாங்க. ஆசியாக்கா பேரைச் சொன்னேன். அவங்களும் வாரேன்னுட்டாங்க."

"நர்ஸம்மா, இது எங்க குடும்ப விஷயம்."

"செத்துப்போன பொண்ணு உங்க குடும்பம் இல்லையே அய்யா," என்றாள் இசபெல் அமைதியாக.

அலி அக்பர் தங்கையின் பக்கம் திரும்பினார். "முக்காடு போட்ட பொம்பளை, ஆபீசர் முன்னாடி நின்னு சாட்சி சொல்லுவியா? அந்தக் கம்பெனி லேபிள் ஆர்டர் முழுக்க நம்ம பேப்பர்லதான் ஓடுது, அது தெரியுமா உனக்கு?"

"தெரியாதுண்ணே. எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன், கேளுங்க. காலையில கலந்த மருந்து சூடேறிக் கெடக்கு, கையில எடுக்கப் பயமா இருக்குன்னு அந்தப் பொண்ணு சொல்லியிருக்கா. கொஞ்சம் ஆறட்டும், கதவைத் திறந்து வைங்கன்னு கேட்டிருக்கா. மேல்பார்வை பாக்குறவரு, 'சீசன் நேரம், ஆர்டர் நிக்குது, வேலையைப் பாரு'ன்னு சொல்லிட்டுப் போயிருக்காரு. அவ எடுத்திருக்கா. அம்புட்டுத்தான். அவ கவனமாத்தான் இருந்தாண்ணே. சொல்லிட்டுத்தான் எரிஞ்சா."

நூகு குனிந்து திருகைத் திறந்து அடுப்பை அணைத்தார்.

"மேல்பார்வை பாத்தது யாருன்னு சொன்னாளா?" அலி அக்பரின் குரல் இறங்கியிருந்தது.

"பேரு சொல்லல. சின்ன வயசுக்காரர், வேலைக்குப் புதுசுன்னா. நல்லவருதான், மேல இருக்குறவுக வெரட்டுனா அவரு என்ன செய்வாருன்னும் சொன்னா."

அலி அக்பர் பெஞ்சில் உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்பதைவிட விழுந்தார் என்று சொல்லலாம். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"பேரை நான் சொல்றேன். காசிம்."

பீவி ஜான் கையிலிருந்த கிண்ணத்தை மெதுவாகத் தரையில் வைத்தாள்.

"நீ ஆஸ்பத்திரியில கெடக்கும்போதுதான் அந்தக் கம்பெனியில சேத்துவிட்டேன். கல்யாணம் ஆகப்போறவன், நிலையா ஒரு வேலை வேணும்னு, முதலாளி கையைக் காலைப் பிடிச்சு நாந்தான் சேத்துவிட்டேன். நாளைக்கு அவனும் அங்கன வாரான். அந்தப் பொண்ணு கவனக்குறைவுதான் காரணம்னு சொல்லணும்னு கம்பெனியில சொல்லிக் குடுத்திருக்காக." அவர் தங்கையை நிமிர்ந்து பார்த்தார். "நீ வந்து இதைச் சொன்னேன்னா அவனைப் பிடிச்சு உள்ள வச்சிருவாக ஆசியா. என் மகன். உன் மருமகனா வரப்போறவன்."

ஆஸ்பத்திரியில் அந்தப் பெண் சொன்னதைக் கேட்டபோதெல்லாம் ஆசியா பீவியின் மனசில் யாரோ ஒரு முகம் தெரியாத ஆள் நின்றிருந்தான். அவனை அவள் சபித்திருக்கிறாள். இப்போது அவனுக்கு முகம் வந்துவிட்டது. அவள் மடியில் உட்கார்ந்து ஓதப் பழகிய பிள்ளையின் முகம்.

அவள் மகளைப் பார்த்தாள். காசிமின் பேரைச் சொன்னாலே அடுக்களைக்குள் ஓடி ஒளிகிறவள் பீவி ஜான். இப்போது ஓடவில்லை. முகம் வெளிறி, அதே இடத்தில் நின்றாள்.

"மாமு," என்றாள். "அவுக இதை வீட்டுல மாமிகிட்டவாவது சொன்னாகளா? அந்தப் பொண்ணு தன்கிட்ட கேட்டுச்சுன்னு?"

"யார்கிட்டயும் பேசுறதே இல்லம்மா. ரெண்டு வாரமாச் சோறு தண்ணி சரியா இல்ல."

"அப்ப நாளைக்கு நானும் அம்மா கூடச் சாத்தூருக்கு வாரேன். அவுக அங்கன என்ன சொல்றாகன்னு நான் நேருல கேக்கணும். சொல்லிக் குடுத்ததைச் சொல்றாகளா, நடந்ததைச் சொல்றாகளான்னு."

"நீயுமா?" அலி அக்பர் மச்சினனிடம் திரும்பினார். "நூகு, நீ ஆம்பளைதானே? இந்த வீட்டுல நீ ஒரு வார்த்தை சொல்லமாட்டியா?"

நூகு எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார்.

"ஒரு தடவை சொல்லாம இருந்துட்டேன் மச்சான். நாளைக்கு இவுகளைக் கூட்டிட்டுப் போகப்போறது நாந்தான்."

அலி அக்பர் தொப்பியை மாட்டிக்கொண்டு தள்ளாடினாற்போல எழுந்தார். வாசலை நோக்கி நடந்தவர் நிலைப்படிக்கு முன்னால் சட்டென்று நின்றுவிட்டார்.

வெளியே, எதிர்வீட்டுச் சுவரோரம் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு காசிம் நின்றிருந்தான். எப்போது வந்தான் என்று யாருக்கும் தெரியாது. கதவு திறந்தே கிடந்தது. பேசியது எல்லாம் கேட்டிருக்க வேண்டும். கன்னம் ஒட்டி, தாடி வளர்ந்து, அடையாளமே மாறியிருந்தான்.

"ஏலே, நீ எதுக்குடா இங்க வந்தே? வீட்டுக்குப் போ!" என்று அதட்டினார் அலி அக்பர்.

காசிம் தந்தையைப் பார்க்கவில்லை. பீவி ஜானைப் பார்க்கத் துணிவில்லை. சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு வாசல்வரை வந்தான். ஆசியா பீவியின் கழுத்துத் தழும்பில் அவன் கண் நின்றது. அங்கிருந்து கீழே இறங்கிவிட்டது.

"மாமி, நான் உள்ள வரலாமா?"

அலி அக்பர் குறுக்கே நின்றார். நூகு மெல்ல அவர் கையைப் பிடித்து ஒதுக்கி வழி உண்டாக்கினார். எல்லோரும் ஆசியா பீவியின் வாயையே பார்த்தார்கள்.

அவள் துப்பட்டியைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு பெஞ்சைக் காட்டினாள்.

"வா காசிம். உக்காரு. அன்னைக்கு என்ன நடந்துச்சு? நீயே சொல்லு, நான் கேக்குறேன்."